அதுவும் நம்ம வூடுதான்

காளியம்மா தோட்டத்தில் பட்டியல் ஒட்டியது மே மாதம் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கே தகரக் கூரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. எவனோ ஒருவன் வண்டியில் வந்தான், சமுதாயக் கூடத்துச் சுவரில் பசை தடவிப் பதினோரு தாள்களை ஒட்டினான், யாரும் வாயைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். நின்றால் பதில் சொல்ல வேண்டுமே. மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறவர்களை அள்ளிக்கொண்டு போய், பெரும்பாக்கத்துக்கும் அப்பால் கட்டியிருக்கிற அடுக்குமாடியில் வைக்கப் போகிறார்கள். அங்கே யார் யாருக்கு வீடு என்பதுதான் அந்தப் பட்டியல். ஒரு ஜனத்தின் தலையெழுத்தை ஒட்டிவிட்டுப் போக அவனுக்கு ஆன நேரம் ஐந்து நிமிஷம்.

படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பெரிய கிராக்கி. வடிவேலுவின் மகள் தமிழ்மொழி ப்ளஸ் ஒன் பரீட்சை எழுதி முடித்தவள், கணீரென்ற குரல். அவளை முன்னால் தள்ளிவிட்டுப் பெண்கள் பின்னால் நின்றார்கள். அவள் ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தாள். பெயர் வந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள், அழவும் செய்தார்கள். வீடு கிடைத்ததே என்று ஒரு அழுகை, இந்த இடம் போகிறதே என்று ஒரு அழுகை.

"நூத்தி நாப்பத்தேழு, வடிவேலு" என்று படித்துவிட்டுத் தமிழ்மொழி நிறுத்தினாள். அடுத்த வரி நூற்று நாற்பத்தெட்டு, தனபாலன். நடுவில் ஒன்றுமில்லை. பக்கத்தில் அவள் தோளில் கையைப் போட்டு நின்றிருந்த அன்புச்செல்வியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்புவின் வீட்டுக் கதவில் மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்த எண் 147-ஏ. அவள் அம்மா ஜானகியின் பெயர் பதினோரு தாளிலும் இல்லை. இரண்டு பேரும் மூன்று தடவை மேலிருந்து கீழே பார்த்தார்கள். மூன்றாவது தடவை பார்க்கும்போது தமிழ்மொழிக்கு ஜனவரி மாதம் ஞாபகம் வந்துவிட்டது.

ஜனவரியில் கணக்கெடுக்க வந்தபோது அவள் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். அப்பா பெயின்ட் வேலைக்குத் தி.நகர் போயிருந்தார். அம்மா கன்னியம்மா மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போயிருந்தாள். ஜானகி நொச்சிக்குப்பத்தில் மீன் எடுத்துக்கொண்டு மந்தைவெளித் தெருக்களில் கூவி விற்றுக்கொண்டிருந்தாள். அன்பு பள்ளிக்கூடத்தில். பூட்டிய வீடுகளைக் கணக்கில் சேர்க்கமாட்டார்களாம் என்று தெருவில் ஒரே பேச்சு. தமிழ்மொழி காய்ச்சலோடு எழுந்தோடிப் பக்கத்து வீட்டுப் பூட்டைத் திறந்தாள். அந்தச் சாவி எப்போதும் இவள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். வந்தவர் பெயர் முத்துகிருஷ்ணன், கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்.

"இது யார் வீடும்மா?"

"நம்ம வூடுதான் சார்."

"அதுதான் உங்க வீடுன்னு இப்பத்தானே சொன்னே?"

"அதுவும் நம்ம வூடுதான் சார். இதுவும் நம்ம வூடுதான்."

காளியம்மா தோட்டத்தில் எதுதான் நம்மது இல்லை? நம்ம தெரு, நம்ம பம்ப்பு, நம்ம பஸ்ஸு. எவனுடையதோ ஆன கால்வாய்கூட நம்ம கால்வாய்தான். முத்துகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். கொடியில் தமிழ்மொழியின் யூனிபார்ம் தொங்கியது. தரையில் அவள் புத்தகங்கள். இரண்டு வீட்டிலும் சேர்த்து ஓடுகிற மின்விசிறி அந்த வீட்டில்தான் இருந்தது. அதனால் இரண்டு பேரும் படிப்பது, தூங்குவது எல்லாம் அங்கேதான். யார் யார் இருக்காங்க என்று அவர் கேட்டார். ஜானகி அத்தையும் அன்புவும் என்று இவள் சொன்னாள். அவர் விரலால் என்னவோ தட்டினார். கூட வந்தவன் கதவில் 147-ஏ என்று எழுதினான். சாயங்காலம் ஜானகி வந்து அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்துத் தமிழ்மொழியின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். அன்றைக்குக் கானாங்கெளுத்திக் குழம்பு, இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டி.

இப்போது பட்டியலுக்கு முன்னால் நின்றுகொண்டு தமிழ்மொழி அதை அன்புவிடம் சொன்னாள். மறைத்திருக்கலாம். அவர்களுக்குள் மறைக்கிற பழக்கம் இல்லை.

அன்பு தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னானு சொன்ன? கரெக்டா சொல்லு."

"நம்ம வூடுதான்னு சொன்னேன். பூட்டிகீதுன்னு வுட்டுட்டுப் பூடுவாங்களோன்னு..."

"அது உன் வூடா? எங்கம்மா கையில சுட்ட காயத்தோட என்ன இட்டுகினு பாலவாக்கத்துல இருந்து ஓடியாந்து, ஒவ்வொரு தகரமா வாங்கிக் கட்டுன வூடுடீ அது. நாலு நாள் ஃபேனுக்குக் கீழ குந்திப் படிச்சா உன் வூடாயிடுமா?"

அத்தனை பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்மொழிக்கு முகமெல்லாம் எரிந்தது. தப்பு தன்மேல் என்று தெரிந்தும் அவளுக்கும் கோபம் வந்தது. காய்ச்சலோடு எழுந்து ஓடினேனே, அதற்கு ஒரு மதிப்பில்லையா என்று கோபம். வாயைத் திறந்தால் அதைத்தான் சொல்லிவிடுவோம் என்று பயந்து அவள் சும்மா நின்றாள். இனிமே என்னாண்ட பேசாத என்று சொல்லிவிட்டு அன்பு போனாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்த சிநேகம் அது. புதிதாக வந்த அன்புவை வகுப்பில் மீன் வாடை என்று ஒருத்தி சொன்னதற்குத் தமிழ்மொழி அந்தப் பெண்ணின் டிபன் பாக்ஸைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். இரண்டு பேரையும் வெளியே நிற்க வைத்தார்கள். அன்று வெயிலில் ஒரு மணி நேரம் பேசாமல் நின்றவர்கள், அதற்கப்புறம் ஆறு வருஷம் பேச்சை நிறுத்தவில்லை. சண்டை வராமல் இல்லை. வாரம் ஒன்று வரும். ஆனால் ராத்திரிக்கு மேல் ஒன்றும் தாண்டியதில்லை. ஒரே ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியும்?

இந்தத் தடவை நாள்கள் தாண்டின. அன்பு தமிழ்மொழியின் யூனிபார்மையும் புத்தகங்களையும் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள், கன்னியம்மாவிடம் கேட்டு. மூன்றாம் நாள் தண்ணீர் லாரி வந்தபோது, அன்பு இல்லாததைப் பார்த்துத் தமிழ்மொழி அவர்கள் வீட்டுக் குடம் இரண்டையும் பிடித்து வாசலில் வைத்தாள். அன்பு வந்தாள். யார் பிடித்தது என்று யாரையும் கேட்கவில்லை. ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கால்வாயில் கவிழ்த்தாள். திரும்பி வந்து இன்னொன்றையும் கவிழ்த்தாள். கத்திரி வெயிலில், நாலு நாளைக்கு ஒரு லாரி வருகிற தெருவில், இரண்டு குடம் நல்ல தண்ணீர். பார்த்த பெண்கள் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். தமிழ்மொழிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவ்வளவு திமிரா உனக்கு என்று மனசுக்குள் கத்தினாள். கத்தி முடித்தபோது அந்த வீட்டில் அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காதே என்று நினைத்தாள்.

ஜானகி மட்டும் கத்தவில்லை. தடைக்காலம் அது, பெரிய படகுகள் கடலுக்குப் போவதில்லை. சின்னப் படகில் வருகிற கொஞ்சம் சங்கராவையும் நெத்திலியையும் போட்டி போட்டு எடுக்க வேண்டும். விடியலில் போய் எடுத்து, வெயிலில் தெருத் தெருவாகச் சுற்றி, அருவாமனையில் செதில் எடுத்து, நறுக்கிக் கொடுத்து, கை நகமெல்லாம் வெந்து போய்த் திரும்புவாள். அப்படித் திரும்பிய ஒரு மத்தியானம், கூடையைத் தலையிலிருந்து இறக்காமலேயே வடிவேலுவின் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, பாப்பா தெரியாம ஒரு வார்த்த சொல்லிடுச்சி. அத வுடு. ரெண்டு வூடும் வேறன்னு நீ வந்து ஆபீசர்ட்ட ஒரு வார்த்த சொல்லு. வெள்ளிக்கெழம வரிக்கும் தான் மனு வாங்குவாங்களாம்."

பார்க்கலாம் என்றார் வடிவேலு. அவள் கண்ணைப் பார்க்காமல் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேனாம்பேட்டையில் ஒரு கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்த கால் அது. ஏணி ஏற முடியாது. இப்போது கீழே நின்று சுவரைச் சுரண்டுவது, பட்டி பூசுவது, அவ்வளவுதான். ஜானகி கொஞ்ச நேரம் நின்றாள். கூடையிலிருந்து தண்ணீர் அவள் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. அப்புறம் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் டில்லிபாபு வந்தான். தோட்டத்துக்குத் தலைவன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறவன். எந்த ஆபீஸ்காரர் வந்தாலும் நாற்காலி போடுவான், நம்மவர்களுக்கு மட்டும் போடமாட்டான். தகவல் தப்பு என்று தெரிந்தால் உன் நம்பரையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள், விசாரணை என்று வருஷக் கணக்கில் இழுப்பார்கள் என்று அவன் வடிவேலுவிடம் சொன்னான். ஜானகிக்குத்தான் பாலவாக்கத்தில் மாமியார் வீடு இருக்கிறதே, ரேஷன் கார்டுகூட அங்கேதானே என்றான். அந்த மாமியார் வீட்டில்தான் அவள் கையைச் சுட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். வடிவேலு தலையை ஆட்டினார். அவன் போனதும் மகளைக் கூப்பிட்டு, நீ வாயைத் திறக்கக் கூடாது, அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை தமிழ்மொழி பள்ளிக்கூடத்து ஃபாரத்துக்காக ஆதார் அட்டையைத் தேடினாள். அம்மா எல்லாக் காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருப்பாள். அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு ரசீது கிடந்தது. பிப்ரவரியில் சரிபார்க்க வந்தபோது கொடுத்தது. அப்பா மட்டும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தார். எண் 147 மற்றும் 147-ஏ. ஒரே குடும்பம். உறுப்பினர்கள் ஐந்து. வடிவேலு, கன்னியம்மா, தமிழ்மொழி. நாலாவது, ஜானகி, தங்கை. ஐந்தாவது, அன்புச்செல்வி, தங்கை மகள். கீழே, தரைத்தளத்துக்குப் பரிந்துரை. அதற்கும் கீழே அப்பாவின் கோணலான கையெழுத்து.

அத்தை என்று இவள் சொன்னதை அந்த மனிதர் அப்பாவின் தங்கை என்று போட்டுக்கொண்டார். இந்தத் தெருவில் அம்மாவைவிடச் சின்னவள், பெரியவள் என்று பார்க்காமல் எல்லாரையும் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப் பார்த்தால் வடிவேலுவுக்கு அறுபது தங்கச்சி இருக்க வேண்டும். அது தெரியாதவர் போட்டார், சரி. தெரிந்தவர் எதற்குக் கையெழுத்துப் போட்டார்?

அப்பா வாசலில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் ரசீதைக் கொண்டுபோய் அவருடைய தட்டுக்கு முன்னால் வைத்தாள்.

"நைனா, இதுல ஜானகி அத்த உனுக்குத் தங்கச்சின்னு போட்டுகீது."

அவர் ஒரு மிளகாயைக் கடித்தார்.

"உனுக்கு அப்பவே தெரியும். படிச்சிக் காட்டிட்டுத்தான கையெழுத்து வாங்கிருப்பாங்க. மூணு மாசமா தெரிஞ்சிகினு, அவுங்க குடுத்த கொழம்ப துன்னுகினு கீற."

"படிச்ச திமிர என்கிட்ட காட்டாத" என்றார் வடிவேலு. "டில்லிதான் சொன்னான். பெரிய குடும்பம், கால் வேற இப்பிடி, கீழ் வூடு குடுப்பாங்கன்னு. லிப்ட்டு ஒரு நாள் ஓடும், பத்து நாள் ஓடாது. அஞ்சாவது மாடிக்கு என்ன நீ தூக்கிகினு போவியா? சொல்லு."

அது பொய்யில்லை. அந்தக் காலை தினமும் ராத்திரி எண்ணெய் போட்டு நீவி விடுகிறவள் அவள்தான். ஆனால் பக்கத்து வாசலில் காலியாக நின்ற அந்த இரண்டு குடங்களைப் பார்த்தாள், கோபம் மறுபடி ஏறியது.

"தங்கச்சின்னு கையெழுத்து போட்டல்ல? தங்கச்சின்னா நடுத்தெருவுல வுடுவியா?"

அவர் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தார். கையை ஓங்கினார். கன்னியம்மா உள்ளேயிருந்து வந்து நடுவில் நின்றாள். அவர் கையை இறக்கிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே டில்லிபாபுவின் வீட்டுப் பக்கம் போனார்.

கன்னியம்மா சிந்தின சோற்றைக் கூட்டி அள்ளினாள். தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள். "எனுக்கும் தெரியும். பத்து நாளா ஜானகி மூஞ்சப் பாக்க முடியல. நீ போயி ஆபீசர்ட்ட சொல்லு. உங்க நைனாவ நான் பாத்துக்கிறேன்."

தமிழ்மொழிக்கு அம்மாமேலும் கோபம் வந்தது. அதைப் பேச நேரமில்லை.

மனு வாங்கும் முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். மரத்தடி வரைக்கும் வரிசை. எல்லார் கையிலும் பிளாஸ்டிக் கவர். ஜானகியும் அன்புவும் பாதி வரிசையில் நின்றிருந்தார்கள். மூன்றாவது நாளாக வருகிறார்கள். பதிவே இல்லை என்று இரண்டு நாளும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தமிழ்மொழி போய் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். பின்னால் நின்ற ஆள் சத்தம் போட்டார். ஜானகி திரும்பிப் பார்த்துவிட்டு, எங்க கூட வந்தவதான் என்று அவரிடம் சொன்னாள். அன்பு திரும்பவில்லை. அவள் முதுகில் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இவள் நின்றாள்.

மேஜைக்குப் பின்னால் ஒரு மேடம், பக்கத்தில் அதே முத்துகிருஷ்ணன். பதிவு இல்லம்மா என்று மேடம் மறுபடி ஆரம்பித்தபோது தமிழ்மொழி மஞ்சள் ரசீதை மேஜையில் வைத்தாள். மேடம் படித்துவிட்டு முத்துகிருஷ்ணனைப் பார்த்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீதானேம்மா சொன்னே? உங்க வீடுதான்னு சொன்னே, அத்தைன்னு சொன்னே."

"நான்தான் சார் சொன்னேன். எனுக்குப் பதினாறு வயசு, காய்ச்சலோட கெடந்தேன். பெரியவங்க யாருன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? ஒரு வூடு இருக்குதா இல்லியான்னு என்ன மாதிரி ஒரு பொண்ணு சொல்றத வெச்சா எழுதுவீங்க?"

குரல் சத்தமாகத்தான் வந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேடம் பேனாவை வைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"சரி. இவங்களுக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

தமிழ்மொழி அன்புவின் முதுகைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

"ஒரே சமையலா?"

"இல்ல மேடம். அவுங்க வேற, நாங்க வேற. அது எங்க வூடு இல்ல. அவுங்க வூடு."

இப்படிச் சொன்னால் ஜானகியைப் புதிதாகச் சேர்க்க நேரில் பார்க்க வருவோம், ஆனால் விசாரணை முடிகிற வரைக்கும் உங்கள் அப்பா நம்பரை நிறுத்தி வைப்போம், புரிகிறதா என்று மேடம் கேட்டார். புரியுது என்றாள். தரைத்தளம் போய்விட்டது. வீடே போனாலும் போகலாம். அப்பாவின் கால் ஞாபகம் வந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றத் தோன்றவில்லை.

முத்துகிருஷ்ணன் ஒரு தாளில் மளமளவென்று எழுதினார். கீழே இரண்டு குடும்பமும் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்மொழி படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாள். ஜானகி தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். அன்புவிடம் பேனா வந்தது. அவள் ப்ளஸ் டூ போகிறவள். தாளை எடுத்து முதலிலிருந்து படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"மேடம், இதுல ஒரு வார்த்த தப்பா கீது."

"என்ன தப்பு?"

"இரு குடும்பத்தினருக்கும் எவ்வித உறவும் தொடர்பும் இல்லைன்னு போட்டுகீது. உறவு இல்ல, அது சரி. தொடர்பு இல்லன்னா நான் கையெழுத்து போட மாட்டேன்."

ஜானகி அவள் இடுப்பைக் கிள்ளினாள். அடிப்பாவி, வாய மூடிகினு போடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். முத்துகிருஷ்ணன், ரெண்டும் ஒண்ணுதாம்மா, இது வெறும் ஃபார்மாலிட்டி என்றார்.

"ஒண்ணு இல்ல சார்" என்றாள் அன்பு. "ஒரு வார்த்தய ஒயுங்கா எழுதாமத்தான் எங்க வூடு போச்சி. மறுபடி தப்பா எழுதறீங்க. அத அடிங்க."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தாளை இழுத்து, 'தொடர்பும்' என்ற சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அதற்கப்புறம்தான் அன்பு கையெழுத்துப் போட்டாள், தமிழ்மொழியின் பெயருக்குக் கீழே, பேனாவை அழுத்தி.

வெளியே வந்தார்கள். ஜானகி மனு ரசீதை இடுப்பில் சொருகிக்கொண்டு, வீட்டில் வைத்துவிட்டு வந்த மீன் கெட்டுவிடும் என்று சொல்லி வேகமாக முன்னால் நடந்தாள். இவர்கள் இரண்டு பேரும் பின்னால்.

"நான் உன்னாண்ட இன்னும் பேசல" என்றாள் அன்பு, நேராகப் பார்த்துக்கொண்டு. "தெரிஞ்சிக்கோ."

"தெரியும்."

"எனுக்குக் கோவம் போவல. போவுமான்னும் தெரியல."

"எனுக்கும்தான். ரெண்டு கொடம் தண்ணிய ஊத்துன."

கேட்டுக்கு வெளியே டில்லிபாபுவின் வண்டி நின்றிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வடிவேலு நின்றிருந்தார். அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. மகளைப் பார்த்ததும் வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு அவர்களை நோக்கி வந்தார். தமிழ்மொழியின் நடை தயங்கியது.

அன்பு தமிழ்மொழியின் பின்னால் சுற்றி வந்து, வடிவேலு வருகிற பக்கத்துக்கு மாறி, அவருக்கும் அவளுக்கும் நடுவில் நடந்தாள். பேசவில்லை.